ஃபூட்டு தடுக்கிப் பல்லு போச்சு!

'ஃபூட்டு தடுக்கிப் பல்லு போச்சு, வயசு அறுபத்து மூணு!'

இது ஜோக்கும் இல்லை, பேப்பரில் வந்த விபத்துச் செய்தியும் இல்லை. இந்திய வரலாற்றின் முதல் அத்தியாயம். பம்மலில் எங்கள் தெருக்கோடி டியூஷனில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபூட்டு என்றால் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லு என்றால் பல்லாவரம். அறுபத்து மூணு என்றால் 1863. இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை முதலில் கண்டெடுத்தவர் யார், எங்கே, எந்த வருஷம்? மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் பதில் முடிந்தது.

கொக்கி நல்ல கொக்கிதான், மறக்கவே மறக்காது. இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் அடுத்த வாரம் இது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பந்தயம்.

எனக்கு இதை ஒப்பித்துக் காட்டிய எதிர்வீட்டுப் பையனிடம், "பல்லாவரம் எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"தமிழ்நாட்டுல, அங்கிள்."

"தமிழ்நாட்டுல எங்கே?"

"அது கேக்க மாட்டாங்க, அங்கிள்."

"டேய், வெள்ளிக்கிழமை சந்தைக்கு அப்பாகூடப் போவியே... அந்தப் பல்லாவரம்தாண்டா!"

"நம்ம பல்லாவரமா?"

அவன் முகத்தில் வந்த ஆச்சரியம் ஒரிஜினல். அதுதான் படிப்பு. அது அவனுக்கு டியூஷனில் கிடைக்கவில்லை, ஸ்கூலிலும் கிடைக்கவில்லை. மாசா மாசம் ஃபீஸ் கட்டி வாங்கிய சரக்கில் அது மட்டும் இல்லை.

* * *

கோபப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மனப்பாடத்தின் மேல் பகை கிடையாது. 'மனப்பாடமே பாவம், எல்லாம் புரிந்தால் போதும்' என்று ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. வாய்ப்பாடு தெரியாதவன் கடையில் சில்லறை வாங்கும்போது ஏமாறுவான். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மூளை எதை வைத்து யோசிக்கும்?

ஞாபகக் கொக்கிகளைச் செய்வதில் நாம் கில்லாடிகள். அதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தமிழ் இலக்கண வகுப்பில் எல்லோரும் கொட்டாவி விட்ட சமாசாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். செய்யுளில் நேர் அசையும் நேர் அசையும் சேர்ந்தால் தேமா. 'தே', 'மா' என்று அந்தச் சொல்லையே பிரித்துப் பாருங்கள். நேர், நேர்! 'புளி', 'மா' நிரை, நேர். 'கூ', 'விளம்' நேர், நிரை. 'கரு', 'விளம்' நிரை, நிரை. விதியின் பெயரே விதிக்கு உதாரணம். மறந்துபோனால் பெயரை உச்சரித்தாலே விதி திரும்பி வந்துவிடும். அதுவும் யாருக்கும் தெரியாத பொருளாக இல்லாமல், தித்திக்கிற மா, புளிக்கிற மா என்று கொல்லையில் நிற்கிற மரத்தையே வைத்துவிட்டான். இதைச் செய்தவன் வாத்தியார்!

மார்கழி மாசம் மயிலாப்பூர், தி.நகர் என்று சபா சபாவாகச் சுற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. சங்கராபரணத்துக்கு 'தீரசங்கராபரணம்' என்றும் கல்யாணிக்கு 'மேசகல்யாணி' என்றும் ஒரு முழுப் பெயர் உண்டு. முன்னால் ஒட்டியிருக்கும் 'தீர', 'மேச' எதற்கு? நம்பருக்கு. கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். 'தீ' 9, 'ர' 2. திருப்பிப் போட்டால் 29. 'மே' 5, 'ச' 6. திருப்பினால் 65. எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களில் சங்கராபரணம் 29-வது, கல்யாணி 65-வது. விஷயம் அதோடு நிற்கவில்லை. 29 என்ற எண் கிடைத்தால் முப்பத்தாறுக்குள் இருப்பதால் சுத்த மத்யமம். ஆறு ஆறாக எண்ணினால் ஐந்தாவது சக்கரத்தில் ஐந்தாவது ராகம், ஆகவே இன்ன ரிஷபம், இன்ன காந்தாரம், இன்ன தைவதம், இன்ன நிஷாதம் என்று மொத்த ராகத்தையும் கட்டி எழுப்பிவிடலாம். பெயரைப் பிடித்து இழுத்தால் ராகமே கூட வருகிறது.

நல்ல கொக்கிக்கு இதுதான் அடையாளம். இழுத்தால் பின்னால் ஏதாவது வர வேண்டும். 'ஃபூட்டு தடுக்கி'யை இழுத்தால் என்ன வருகிறது? ஒரு மார்க் வருகிறது. அதற்கப்புறம் வெறும் சுவர்.

* * *

"புரியாவிட்டால் என்ன சார், விடை சரியாக வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டியூஷன் சென்டர்களின் வேத வாக்கியமே அதுதான். அவர்களுக்குச் சாதகமான ஒரு உதாரணத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

1825. சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்பவர் அந்த வருஷம் 'காலசங்கலித' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். நம் ஊர்ப் பஞ்சாங்கக் கணக்குகள் பற்றிய புத்தகம். அதில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் பேனா, பேப்பர் எதையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த வருஷம் மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் வரும் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிஷம்தான் பிசகு. நடு நேரத்தில் 23 நிமிஷம். முடியும் நேரத்தில் 52 நிமிஷம். இத்தனைக்கும் அந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் தத்துவம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். ஏன் பெருக்குகிறோம், ஏன் கழிக்கிறோம் என்பது தெரியாமலே கிரகணம் வந்து சேர்ந்தது.

அபாரமான சாதனை. எழுந்து நின்று கும்பிடலாம். எத்தனையோ தலைமுறை உழைப்பை ஒரு மனிதர் நாக்கில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த 52 நிமிஷத்தை அவரால் சரிசெய்ய முடியுமா?

முடியாது. எந்தப் படியில் பிசகு புகுந்தது என்று கண்டுபிடிக்க, அந்தப் படி எதற்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும். மனப்பாடம் பாட்டன் கொடுத்ததைப் பத்திரமாகக் காப்பாற்றும். அதில் ஓட்டை விழுந்தால் அடைக்கத் தெரியாது.

இதை 1825 சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்கிறோமே, அந்த 'வாக்கியம்' என்னவென்று யோசித்திருக்கிறீர்களா? சந்திரனின் போக்கைச் சொல்ல 248 வாக்கியங்கள், நாளைக்கு ஒன்றாக. வாய்விட்டுச் சொன்னால் வாக்கியம், எழுத்துக்களை எண்ணாக மாற்றினால் கணக்கு. வரருசி பெயரில் வழங்குகிற இந்த 248-ம் அசல் ஞாபகக் கொக்கிகள், அதுவும் முதல் தரக் கொக்கிகள். கணக்கைத் திருத்த வேண்டும் என்று கிளம்பியவர்கள் திருக்கணிதத்துக்குப் போனார்கள். வாக்கியத்தைக் காப்பாற்றியவர்கள் வாக்கியத்திலேயே நின்றார்கள். விளைவு? திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026. ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம்! எள் தீபம் என்றைக்கு ஏற்றுவது என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றமே நடந்தது. எந்தக் கட்சி சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இரண்டு கட்சியிலும் எத்தனை பேருக்கு அந்த வித்தியாசம் ஏன் என்று சொல்லத் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு உதாரணம். ஐம்பெருங்காப்பியங்களைச் சொல்லச் சொன்னால் எட்டாங்கிளாஸ் பிள்ளைகூட மூச்சு விடாமல் சொல்லும். சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவகசிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. சரி, கடைசி இரண்டும் எங்கே? முழு நூலாகக் கிடையாது. உதிரியாகச் சில பாடல்கள்தான் மிச்சம். பட்டியலை நாக்கில் காப்பாற்றிக்கொண்டு நூலைக் கரையானுக்குக் கொடுத்துவிட்ட சமூகம் நாம். பெயர் ஞாபகம் இருப்பதும் பொருள் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை நம்மைவிட அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் யார்?

* * *

இப்போது கடைத்தெருவில் என்ன சரக்கு ஓடுகிறது என்று பார்க்கலாம்.

பத்தாவது, பதினோராவது கணக்கு. எந்தக் கால்வட்டத்தில் எந்த விகிதம் பிளஸ் என்பதற்கு, 'ஆல் சில்வர் டீ கப்ஸ்'. முதல் கால்வட்டத்தில் ஆல், எல்லாமே பிளஸ். இரண்டாவதில் சில்வர், அதாவது சைன். மூன்றாவதில் டீ, டேன். நான்காவதில் கப்ஸ், காஸ். தமிழ் மீடியம் பிள்ளைக்கும் இதேதான். எவர்சில்வர் டம்ளரில் டீ குடிக்கிற வீட்டுப் பிள்ளை வெள்ளிக் கோப்பையை மனப்பாடம் செய்கிறது. ஒரு வட்டம் போட்டு நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு கிழித்து, 'சைன் என்பது உயரம், காஸ் என்பது பக்கவாட்டு தூரம். மேலே போனால் பிளஸ், கீழே போனால் மைனஸ். வலது பக்கம் பிளஸ், இடது பக்கம் மைனஸ். இரண்டு மைனஸை வகுத்தால் பிளஸ், அதனால்தான் மூன்றாவதில் டேன்' என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை டீ கப்!

கிரகங்களுக்கு இங்கிலீஷில் ஒரு வரி உண்டு. ரொம்பப் படித்த அம்மா ஒருத்தி ஒன்பது பீட்சா பரிமாறுவாள். 2006 ஆகஸ்டில் பிராகு நகரத்தில் கூடிய விஞ்ஞானிகள் புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அம்மா அப்படியே நிற்கிறாள், பீட்சாவைக் காணோம். கிரகம் என்றால் எது, புளூட்டோவை ஏன் எடுத்தார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குப் பட்டியல் ஒன்பதிலிருந்து எட்டு ஆனது ஒரு சுவாரசியமான கதை. வரியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது சிலபஸ் மாற்றம்.

இங்கிலீஷ் அம்மாவை நாம் வாடகைக்கு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகமும் தமிழ்ப் பிள்ளையின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. காலண்டரைப் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. இதில் ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். புதன், வெள்ளி: சூரியனிலிருந்து இதே வரிசை, பூமிக்கு உள்பக்கம். செவ்வாய், வியாழன், சனி: அதே வரிசை, பூமிக்கு வெளிப்பக்கம். இந்தக் கொக்கியை இழுத்தால் பின்னால் ஒரு கேள்வியும் வரும். வெள்ளி ஏன் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் தெரிகிறது, நடு ராத்திரியில் தலைக்கு மேல் ஏன் வருவதில்லை? அது பூமிக்கு உள்பக்கம் சுற்றுவதால் சூரியனை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. விடிவெள்ளி என்று பாட்டி சொன்னதும் வானவியலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இத்தனையும் வீட்டு காலண்டரில் ஓசியில் கிடக்கிறது. நாம் பீட்சாவுக்கு ஃபீஸ் கட்டுகிறோம்.

* * *

"எல்லாம் பேச நன்றாயிருக்கிறது சார். எங்கள் பிள்ளைக்கு மார்க் வேணும்."

நியாயமான பேச்சு. இதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. நாகல்கேணி தோல் ஷெட்டில் நிற்கிற அப்பாவும், மெப்ஸில் ஷிப்ட் பார்க்கிற அம்மாவும் மிச்சம் பிடித்துக் கட்டுகிற டியூஷன் ஃபீஸ் அது. அவர்களுக்கு மார்க் என்பது பிள்ளை அந்த ஷெட்டுக்குள் போகாமல் இருப்பதற்கான டிக்கெட். ஒரு மார்க்கையும் விட்டுக்கொடுக்க முடியாது.

சரியாக அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வசதியான பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி மியூசியத்துக்கு அழைத்துப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு ஃபூட்டும் தெரிகிறது, ஃபூட் பார்த்ததும் தெரிகிறது. பம்மல் பிள்ளைக்கு 'பல்லு போச்சு'. இரண்டு பேரும் அந்த ஒரு மார்க்கை வாங்குவார்கள். தேர்வுத் தாளில் சமமாகத் தெரிவார்கள். நாலு வருஷம் கழித்து, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிற இன்டர்வியூவில் போய் உட்காரும்போது ஒருவன் வாய் திறப்பான், இன்னொருவன் சுவரைப் பார்ப்பான். ஏழைப் பிள்ளைக்கு 'ஷார்ட்கட்' என்ற பெயரில் விற்பது பல சமயம் பாதி வழியில் முடிந்துபோகிற ரோடு.

இத்தனைக்கும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை என்ன சாதாரணக் கதையா? 1863 மே 30. ஃபூட் ஒரு நிலவியல் அதிகாரி. பாறை பார்ப்பதுதான் உத்தியோகம். பல்லாவரம் பரேடு மைதானத்துப் பக்கம் ஒரு சரளைக் குழி. அதில் ஒரு கல். எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள்! அவர் குனிந்து எடுத்தார். காரணம், அதற்கு நாலு வருஷம் முன்னால், 1859-ல், பிரான்ஸில் சோம் ஆற்றுப் பக்கம் கிடைத்த கற்கோடாரிகள் ஆதி மனிதன் கையால் செய்தவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த கண்ணுக்குத்தான் அது கருவி, மற்றவர்களுக்கு ஜல்லி. அதே வருஷம் ஃபூட்டும் அவர் சகாவும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் முதல் கல் கிடைத்தது நம் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிற ஊரில்.

இந்தக் கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் இந்தப் பாராவைப் படித்த நேரம்தான். கேட்ட பிள்ளைக்கு 1863 மறக்குமா? மறந்தால்தான் என்ன, 'பல்லு போச்சு' இருக்கவே இருக்கிறது. கதையும் இருக்கட்டும், கொக்கியும் இருக்கட்டும். கதையை எடுத்துவிட்டுக் கொக்கியை மட்டும் விற்காதீர்கள் என்கிறேன்.

* * *

ஆகவே மூன்று தரப்புக்கு மூன்று வேண்டுகோள்.

வினாத்தாள் எடுக்கும் கனவான்களுக்கு: 'யார், எங்கே, எப்போது' கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஒரு 'ஏன்' போடுங்கள். 'ஃபூட் அந்தக் கல்லைக் கருவி என்று எப்படி அறிந்தார்?' என்று இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி வந்தால், அடுத்த ஜூன் மாசமே எல்லா டியூஷனிலும் அந்தக் கதை ஓடும். டியூஷன் என்பது வினாத்தாளின் நிழல். நிழலைத் திட்டுவதைவிட ஆளை நகர்த்துவது சுலபம்.

ஆசிரியர்களுக்கு: கொக்கியை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பாடத்தை நடத்திவிட்டு, "இதை ஞாபகம் வெச்சுக்க நீங்களே ஒரு வரி கட்டிக்கிட்டு வாங்கடா" என்று சொல்லுங்கள். வரி கட்ட வேண்டுமென்றால் எது முக்கியம், எதற்குப் பிறகு எது என்று பிள்ளை யோசித்தாக வேண்டும். அந்த யோசனைதான் பாடம். வரி அசட்டுத்தனமாக இருக்கலாம், தப்பில்லை. அவன் பாஷையில் இருக்க வேண்டும்.

அப்பா அம்மாக்களுக்கு: ஃபூட் சேகரித்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கியது. இருப்பது எழும்பூர் மியூசியத்தில். பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் மாறாமல் கொள்ளாமல் எழும்பூர். மாலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். பாப்கார்ன் செலவு மிச்சம்.

அதுவும் முடியாதா? சரி, செலவே இல்லாத ஒன்று. இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு ஷார்ட்கட் வரியை ராகமாக ஒப்பித்துக் காட்டும். கை தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். தட்டி முடித்ததும், "கொக்கி சூப்பரா இருக்கு கண்ணு, அதுல என்ன மாட்டி வெச்சிருக்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஃபீஸ் வாங்கினவரைப் போய்க் கேளுங்கள்.